பதக்கம் கொடுத்துச் சேர்த்த அருங்காட்சியகம்

(லில்லெஸ்ட்ரோமில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில், ஹேகல் சதுக்கத்தில், லிண்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. 2022 அக்டோபரில் அங்கே தமிழர் வரலாற்றுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி திறக்கப்பட்டது. அகம், புறம் என்ற சங்கப் பாகுபாட்டைப் பிடித்துக்கொண்டு, அன்பும் போரும் என்ற பொருளில் அதற்குத் தலைப்பிட்டிருந்தார்கள். மறு ஆண்டு மே மாதம் வரை அது நடந்தது. அது திறந்த மறு மாதம், 2022 நவம்பர் 1ஆம் தேதி, கும்பகோணம் நீதிமன்றம் சிலைக் கடத்தல் வழக்கில் சுபாஷ் கபூருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. அந்தக் கபூரிடம் காசு கொடுத்துச் சிலை வாங்கிய அருங்காட்சியகங்களில் ஸ்டுட்கார்ட்டின் லிண்டனும் ஒன்று. அதற்கும் அடுத்த மாதம், ஆப்பிரிக்காவின் பெனின் அரண்மனையிலிருந்து 1897இல் கொள்ளைபோன வெண்கலப் படைப்புகளின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றி எழுதும் ஒப்பந்தம் அதே அருங்காட்சியகத்தின் பொருட்டுக் கையெழுத்தானது.

மூன்று மாதம், மூன்று செய்தி, ஒரே கட்டடம். அந்தக் கட்டடத்துக்குப் பெயராகிப்போன மனிதரைப் பற்றியது இவ்வுரை.

கார்ல் கிராஃப் ஃபொன் லிண்டன் 1838இல் பிறந்து 1910இல் இறந்தவர். 'கிராஃப்' என்பது பிரபுப் பட்டம். சட்டம் படித்தவர். வூர்ட்டம்பெர்க் மன்னரின் அரசவையில் தலைமை அறைக்காவலர் என்ற உயர்ந்த பதவி வகித்தார். பெயரைக் கேட்டால் அரண்மனைக் கதவைத் திறந்து மூடும் வேலை போலிருக்கும். உண்மையில் மன்னரை யார் எப்போது பார்க்கலாம், விருந்தில் யார் எங்கே உட்காரலாம், யாருக்கு எந்த மரியாதை என்பதெல்லாம் தெரிந்தவர்களின் உலகம் அது. அப்படிப்பட்டவருக்கு மனிதர்களின் ஆசை அத்துபடியாக இருக்கும். பணம் உள்ளவன் எதற்கு ஏங்குகிறான், பதவி உள்ளவன் எதற்கு ஏங்குகிறான் என்று பார்த்துப் பழகிய கண் அது. லிண்டனின் அருங்காட்சியகத்துக்கு அந்தக் கண்தான் முதலீடு என்று சொல்லிவிடலாம்.

இங்கே ஜேர்மனியின் அன்றைய அமைப்பைக் கொஞ்சம் நினைவூட்ட வேண்டும். 1871இல் ஜேர்மன் பேரரசு ஒன்றிணைந்த பிறகும் வூர்ட்டம்பெர்க்குக்குத் தனி மன்னர், தனி அரசவை, தனி விருதுகள் எல்லாம் இருந்தன. 1891 முதல் 1918 வரை அங்கே ஆண்டவர் பெயரும் இரண்டாம் வில்ஹெல்ம். பெர்லினில் இருந்த பேரரசர் பெயரும் இரண்டாம் வில்ஹெல்ம். பெர்லின்காரர் போர்க்கப்பல்களில் ஆர்வம் கொண்டவர். ஸ்டுட்கார்ட்காரர் தம் நாய்களை அழைத்துக்கொண்டு நகரத் தெருவில் உலாவப் போகிறவர். இந்த இரண்டாமவரின் பெட்டியில் இருந்த பதக்கங்கள்தான் நம் கதைக்கு முக்கியம்.

ஸ்டுட்கார்ட்டில் 1882இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். வணிகப் புவியியலுக்கும், வெளிநாடுகளில் ஜேர்மன் நலன்களை வளர்ப்பதற்குமான சங்கம் என்று அதற்கு நீண்ட பெயர். பெயரிலேயே நோக்கம் தெரிகிறது. தொலைதூர மக்கள் என்ன உடுத்துகிறார்கள், எதில் சமைக்கிறார்கள், எந்த நிறத்தை விரும்புகிறார்கள் என்று தெரிந்தால்தானே நெசவாலைக்காரரும் இரும்புச் சாமான்காரரும் சரக்கை அனுப்ப முடியும்? சங்கத்தின் சேகரிப்பும் அப்படித் தொடங்கியதுதான்: மூலப்பொருள் மாதிரிகள், துணித் துண்டுகள், கருவிகள். கடைத் தெருவுக்கு ஒரு வழிகாட்டி.

1880களின் கடைசியில் லிண்டன் அந்தச் சேகரிப்பின் பொறுப்பைக் கையில் எடுத்தார். பிறகு சங்கத்தின் தலைவருமானார். வணிகத்துக்கான மாதிரிப் பெட்டி மெல்ல மெல்ல மனித குலத்தின் பொருள்களை எல்லாம் சேர்க்கும் களஞ்சியமாக மாறியது. அவர் இறந்தபோது பொருள்களின் எண்ணிக்கை அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. தனி மனிதர் ஒருவர், அதுவும் ஓய்வு நேரத்தில் செய்த வேலை இது. ஆப்பிரிக்கக் காட்டிலும் பசிபிக் தீவிலும் அலைந்து சேர்த்தவர் அல்லர் அவர். ஸ்டுட்கார்ட்டில் மேசைக்கு முன் உட்கார்ந்து கடிதம் எழுதியே சேர்த்தார்.

ஏன் கடிதம்? அதற்குக் காரணம் பெர்லின்.

1884இல் தோகோ, கமரூன், தென்மேற்கு ஆப்பிரிக்கா. அடுத்த ஆண்டுக்குள் கிழக்கு ஆப்பிரிக்காவும் நியூகினியின் ஒரு பகுதியும் என்று ஜேர்மனி குடியேற்ற நாடுகளைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. படைவீரர்களும் அதிகாரிகளும் மருத்துவர்களும் அங்கிருந்து மூட்டை மூட்டையாகப் பொருள்களைக் கொண்டுவந்தார்கள். 1889இல் பேரரசின் கூட்டாட்சி அவை ஒரு முடிவெடுத்தது. அரசுப் பணத்தில் நடக்கும் பயணங்களில் கிடைக்கும் பொருள்கள் எல்லாம் முதலில் பெர்லின் இனவியல் அருங்காட்சியகத்துக்கே போக வேண்டும். இரட்டைப் படிகள் இருந்தால் மட்டும் மற்ற ஊர்களுக்குப் பங்கு. ஹம்பர்க்கும் லைப்சிக்கும் மூனிக்கும் ஸ்டுட்கார்ட்டும் கொதித்தன. எது அசல், எது இரட்டை என்று முடிவு செய்வதும் பெர்லின்தான். நல்லதை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுகிறார்கள் என்று லிண்டன் உள்பட எல்லாரும் குறைபட்டார்கள்.

சட்டத்தை எதிர்த்து லிண்டன் சண்டை போட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதிகாரி ஒருவர் தன் சொந்தக் காசில், சொந்தப் பொருளாகக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட்டால் பெர்லின் என்ன செய்யும்? அந்த அதிகாரிக்குத் தான் கொண்டுவந்ததை ஸ்டுட்கார்ட்டுக்குக் கொடுக்கத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். தோன்ற வைக்கும் வித்தை அரசவைக்காரருக்குத் தெரியும்.

குடியேற்ற நாடுகளில் இருக்கும் அதிகாரிகளைத் தேடி எழுதுவார். பணிவும் புகழ்ச்சியும் கலந்த கடிதம். உங்கள் சேகரிப்பு அறிவியலுக்கு எவ்வளவு பயன்படும் என்று விளக்கம். விடுமுறையில் ஊர் வந்தால் சங்கத்தில் பேச அழைப்பு, கைதட்டக் கூட்டம். பெட்டிகள் வந்து சேர்ந்தால் காட்சியில் கொடுத்தவர் பெயர். அதற்கும் மேலே, மன்னரிடம் பரிந்துரை செய்து ஃபிரீட்ரிக் விருது போன்ற ஒரு பதக்கம். சீருடையின் மார்பில் அது தொங்கினால் வாழ்நாள் முழுக்கத் தொங்கும். பதக்கத்துக்கு ஏங்குகிறவர்களைப் பற்றி அந்தக் காலத்து ஜேர்மானியர் 'பொத்தான் துளையில் வலி' என்று கேலி செய்வதுண்டு. லிண்டனிடம் அந்த வலிக்கு மருந்து இருந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை. பெர்லினில் ஆப்பிரிக்க, ஓசியானியப் பிரிவைக் கவனித்த ஃபெலிக்ஸ் ஃபொன் லூஷானுக்கு இது பெரிய தலைவலி. அறிவியல் படித்தவர்களின் அருங்காட்சியகத்துக்கு வர வேண்டியது ஒரு பிரபுவின் நாடாத் துண்டுக்குப் போய்விடுகிறது என்றால் எரிச்சல் வராதா?

இதில் ஒரு நயம் இருக்கிறது. லூஷான் சேகரிப்போருக்கென்று விரிவான கையேடு எழுதியவர். எந்தப் பொருளை எப்படிப் பார்க்க வேண்டும், என்ன கேட்டு எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர். லிண்டனும் பொருளோடு விளக்கமும் வேண்டும் என்று வற்புறுத்தியவர்தான். ஊர், இனம், பயன் எல்லாம் எழுதி அனுப்பச் சொன்னார். ஆனால் அவருடைய ஏடுகளில் தவறாமல் இடம்பெறுவது கொடுத்தவரின் பெயர். கொடுத்தவருக்குத்தானே நன்றிக் கடிதம் போக வேண்டும், பதக்கம் போக வேண்டும்? ஆகவே அந்தப் பெயர் பிழையில்லாமல் எழுதப்பட்டது. அந்தப் பொருள் அதற்கு முன்னால் யாருடையது, எந்த நிலைமையில் அவர் கையைவிட்டுப் போனது என்ற கேள்விக்கு அந்த ஏற்பாட்டில் வேலையே இல்லை.

அரசவை அதிகாரி அருங்காட்சியகம் சேர்ப்பது லிண்டனோடு தொடங்கியதும் இல்லை. அவருக்கு இருநூறு ஆண்டு முன்னால், வடக்கு ஜேர்மனியின் கொட்டோர்ஃப் கோமகனின் அவையில் ஆடம் ஒலியாரியுஸ் (1599–1671) என்றொருவர் இருந்தார். அவைக் கணிதர், நூலகர், கோமகனின் தூதுக் குழுவோடு பாரசீகம் வரை போய்வந்தவர். 1651இல் நெதர்லாந்தின் எங்கௌசன் ஊரில் பலுடானுஸ் என்ற மருத்துவர் விட்டுப்போன அபூர்வப் பொருள்களின் தொகுப்பைக் கோமகனுக்காக வாங்கிக் கொண்டுவந்து, கலைக்கூடம் அமைத்து, 1666இல் அதற்கு அச்சுப் பட்டியலும் போட்டார். அவரோடு பாரசீகம் போன மண்டெல்ஸ்லோ என்ற இளைஞர் அங்கிருந்து இந்தியாவுக்கு வந்து சூரத்தைப் பார்த்தவர். அவருடைய பயணக் குறிப்பை அச்சேற்றியவரும் ஒலியாரியுஸ்தான். கொட்டோர்ஃப் தொகுப்பு பதினெட்டாம் நூற்றாண்டில் கொப்பன்ஹேகனில் இருந்த டென்மார்க் மன்னரின் சேகரிப்போடு கலந்தது. அப்போது நோர்வேயும் அந்த மன்னரின் ஆட்சியில்தான் இருந்தது.

அந்த டென்மார்க் சங்கிலியில் தமிழ்க் கண்ணி ஒன்று உண்டு என்பதால் ஒரு நிமிடம் நிற்கலாம். 1620இல் தரங்கம்பாடிக்கு வந்து தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்ட கப்பல் தலைவர் ஓவ யெத்த. நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதுவித்த கடிதம் இன்றும் கொப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதே யெத்த ஊர் திரும்பிய பிறகு நோர்வேயில் பதவி வகித்து, கொங்ஸ்பெர்க் வெள்ளிச் சுரங்கத்தின் தொடக்கக் கால வேலைகளை மேற்பார்த்தார். ஒஸ்லோவிலிருந்து கொங்ஸ்பெர்க் போகும் தமிழர்கள் இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். தங்கத் தகட்டின் விஷயத்தில் கவனிக்க வேண்டியது, அதை யார் யாருக்கு ஏன் கொடுத்தார் என்பது அந்தத் தகட்டிலிருந்தே தெரிகிறது என்பதுதான். அருங்காட்சியகங்களில் இருக்கும் பெரும்பாலான பொருள்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

லிண்டனிடம் திரும்புவோம். சேகரிப்பு பெருகிவிட்டது, வைக்க இடம் போதவில்லை. தனிக் கட்டடம் வேண்டும் என்று நகரத்துச் செல்வந்தர்களிடம் பணம் திரட்டினார். அதற்கும் அதே வித்தைதான். கட்டடம் எழும்பி முடிவதற்குள், 1910 ஜனவரியில், இறந்துபோனார். 1911இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதன் முதல் அறிவியல் இயக்குநராக வந்தவர் அவுகுஸ்டின் கிரேமர். கடற்படை மருத்துவராக இருந்து சமோவாவைப் பற்றி எழுதிப் பெயர் பெற்றவர். பிரபுவின் காலம் முடிந்து படித்தவர்களின் காலம் வந்தது என்று இதைச் சொல்வார்கள். படித்தவர்களுக்குக் கிடைத்ததோ பிரபு நிரப்பி வைத்துவிட்டுப் போன வீடு. இரண்டாம் உலகப் போரில் கட்டடம் குண்டுவீச்சில் சேதமானது, மறுபடி எழுந்தது. 1973இல் மாநிலமும் நகரமும் சேர்ந்து சங்கத்திடமிருந்து பொறுப்பை ஏற்றன. இன்று ஏறத்தாழ ஒரு லட்சத்து அறுபதாயிரம் பொருள்கள் அங்கே உள்ளன.

அவற்றில் ஒரு பைபிளும் ஒரு சாட்டையும் இருந்தன.

தென்மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நமீபியாவில், ஹென்ட்ரிக் விட்போய் என்பவர் நாமா மக்களின் தலைவர். எழுதப் படிக்கத் தெரிந்தவர். பல மொழி அறிந்தவர். ஜேர்மானியருக்கும் அண்டைத் தலைவர்களுக்கும் அவர் எழுதிய கடிதங்கள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கின்றன. 1893 ஏப்ரலில், விடியற்காலையில், ஜேர்மன் படை ஹோர்ன்கிரான்ஸ் என்ற அவருடைய குடியிருப்பைத் தாக்கியது. விட்போய் தப்பினார். ஏறத்தாழ எண்பது பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். வீடுகளில் கிடைத்ததைப் படையினர் வாரிக்கொண்டார்கள். அவருடைய நாமா மொழிப் புதிய ஏற்பாடும் சாட்டையும் அப்படித்தான் போயின. 1902இல் அவை ஸ்டுட்கார்ட்டுக்கு அன்பளிப்பாக வந்தன. கொடுத்தவர் வாஸ்மன்ஸ்டோர்ஃப் என்பவர். அவருக்கும் அவை ஆலோசகர் பட்டம். ஓர் அவை அதிகாரி கொடுக்க, இன்னோர் அவை அதிகாரி வாங்கிக்கொண்டார். மூன்று ஆண்டு கழித்து, 1905இல், விட்போய் ஜேர்மானியரோடு நடந்த போரில் மாண்டார்.

2019 பெப்ரவரியில் அந்தப் பைபிளையும் சாட்டையையும் மாநில அமைச்சர் தெரேசியா பவுவர் கிபியோன் ஊருக்குக் கொண்டுபோய் நமீபிய ஜனாதிபதியிடம் ஒப்படைத்தார். எளிதில் நடக்கவில்லை. நாமாத் தலைவர்களின் சங்கம், இவை எங்கள் மக்களுக்குரியவை, அரசாங்கத்திடம் கொடுக்காதீர்கள் என்று ஜேர்மன் மாநில நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் ஒப்படைப்பைத் தடுக்கவில்லை. யாரிடமிருந்து எடுத்தோம் என்பது தெளிவாகத் தெரிந்த பொருளுக்கே யாரிடம் கொடுப்பது என்ற சிக்கல் வந்துவிட்டது.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். யார் கொடுத்தது, எந்த ஆண்டு கொடுத்தது என்று எழுதி வைத்த ஏடு இல்லாவிட்டால் பின்னால் வந்த ஆய்வாளர்கள் நூலைப் பிடித்து ஏற முடியாது. கடந்த பத்தாண்டில் லிண்டன் அருங்காட்சியகம் தன் குடியேற்றக் காலப் பொருள்களின் மூலத்தை ஆராய ஆள் வைத்தது; 2021இல் தன் பழைய கதையையே கண்காட்சியாகவும் வைத்தது. அந்த ஆய்வின் கையில் இருந்த முதல் ஆயுதம் கொடுத்தவர் பட்டியல்தான். இந்த அதிகாரி எந்தப் படையில் இருந்தார்? அந்த ஆண்டு அந்தப் படை எந்த ஊரை எரித்தது? பெயரை வைத்துக்கொண்டு படைக் குறிப்புகளைத் தேடலாம். பதக்கத்துக்காக எழுதின பெயர் நூறு ஆண்டு கழித்துச் சாட்சியாகிவிட்டது. லிண்டன் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

வேலை எவ்வளவு மிச்சம் என்பதற்கு ஒரு கணக்கு. கமரூன் நாட்டுப் பொருள்கள் ஜேர்மனியின் பொது அருங்காட்சியகங்களில் நாற்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன என்று பெனெடிக்ட் சவுவா உள்ளிட்ட பிரெஞ்சு, ஜேர்மன், கமரூன் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட நூல் சொல்கிறது. அதில் மிகப் பெரிய தொகுதி, எட்டாயிரத்துக்கு மேல், ஸ்டுட்கார்ட்டில். பெர்லினைவிட அதிகம். பெர்லினோடு போட்டி போட்ட பிரபு அந்த ஒரு பந்தயத்திலாவது ஜெயித்திருக்கிறார்.

இனி, கபூர். லிண்டன் காலத்து ஏட்டில் கொடுத்தவர் பக்கம்தான் நிரம்பியிருந்தது என்றால், கபூரின் காலத்தில் இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தன; ஒரு பக்கம் பொய். நியூயோர்க்கின் மடிசன் அவெனியூவில் கலைக்கூடம் நடத்திய அவர், சிலைகள் இந்தியாவை விட்டுப் பல காலம் முன்பே வந்துவிட்டன என்று காட்டும் உரிமைக் கடிதங்களைப் போலியாகத் தயாரிப்பதில் கெட்டிக்காரர். 2000இல் லிண்டன் அருங்காட்சியகம் அவரிடம் ஒரு மகிடாசுரமர்த்தினியை வாங்கியது. பத்தாம் நூற்றாண்டுக் கற்சிலை. காஷ்மீரின் புல்வாமாப் பக்கம் ஒரு கோயிலிலிருந்து திருடப்பட்டது என்று பிறகு தெரிந்தது. 2015 அக்டோபரில் ஜேர்மன் சான்சலர் அங்கலா மெர்க்கல் அதைப் புதுடில்லியில் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். கபூர் பிடிபட்டதும் ஜேர்மனியில்தான்: 2011இல் பிராங்பர்ட் விமான நிலையத்தில். அடுத்த ஆண்டு சென்னைக்கு அனுப்பப்பட்டு, கடைசியில் கும்பகோணத்தில் அந்தத் தீர்ப்பு வந்தது. அரியலூர்ப் பக்கத்து வரதராசப் பெருமாள் கோயில் சிலைகளைத் திருடிய வழக்கு.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானிலிருந்து போன நடராசரின் கதை பலருக்குத் தெரியும். கபூரிடமிருந்து ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டொலர் அளவில் விலை கொடுத்து வாங்கியது. ஸ்ரீபுரந்தான் கோயிலில் என்ன இருந்தது என்பதற்குக் கையில் கிடைத்த நல்ல சாட்சி, பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்னர் எடுத்து வைத்திருந்த நிழற்படம். 1950களிலிருந்து தமிழகக் கோயில்களுக்குள் போய்ச் சிலைகளைப் படமெடுத்து, ஊர் பெயர் எழுதி, பெட்டியில் அடுக்கி வைத்தவர்கள் அவர்கள். சிற்ப ஆராய்ச்சிக்காக எடுத்தது களவு வழக்குக்கு உதவியது. 2014இல் நடராசர் இந்தியா திரும்பினார். கோயிலில் பாதுகாப்பு இல்லை என்று கும்பகோணம் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். திரும்பி வந்ததை யாரிடம் வைப்பது என்ற, நாமா மக்களின் பைபிளுக்கு வந்த அதே சிக்கல்.

தமிழ் நிலத்திலிருந்து ஜேர்மனிக்குப் போனவை கபூர் காலத்தவை மட்டுமல்ல. 1876இல், லிண்டன் சேகரிப்பில் இறங்குவதற்கு முன்பே, பெர்லினைச் சேர்ந்த ஃபெடோர் யாகோர் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் மேட்டைத் தோண்டினார். தாழிகளிலிருந்து கிடைத்த இரும்புக் கருவிகளையும் மட்பாண்டங்களையும் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அலெக்சாண்டர் ரியா அங்கே விரிவாகத் தோண்டியது 1899க்குப் பிறகுதான். அவர் எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. அந்தச் சென்னை அருங்காட்சியகத்தை 1885 முதல் 1908 வரை நடத்தியவர் எட்கர் தர்ஸ்டன்; லிண்டனின் சரியான சமகாலத்தவர். இருவரும் அதிகாரிகள், இருவரும் சேகரிப்பில் தணியாத பசி கொண்டவர்கள். லிண்டன் பொருளை அளந்தார் என்றால் தர்ஸ்டன் ஆளையே அளந்தார். அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து சாதிக் கணக்கு எழுதினார். பொருளைவிட ஆளை அளப்பது மோசம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஹோர்ன்கிரான்ஸை நினைத்தால் வாய் அடைத்துக்கொள்கிறது.

ஸ்டுட்கார்ட்டின் 2022ஆம் ஆண்டுத் தமிழ்க் கண்காட்சியை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். இந்தியாவோடு மட்டும் நில்லாமல் உலகத் தமிழர்களின் வரலாறுகளையும் தலைப்பிலேயே சேர்த்துக்கொண்ட கண்காட்சி அது. பன்மையில் 'வரலாறுகள்' என்று சொன்னது சரியான முடிவு. தெற்கு ஜேர்மனியில் வாழும் ஈழத் தமிழர் பிள்ளைகள் தங்கள் நகரத்து அருங்காட்சியகத்தில் தங்கள் எழுத்தைப் பார்த்திருப்பார்கள். எட்டாயிரம் கமரூன் பொருள்கள் கிடங்கில் இருக்கும் அதே கட்டடத்தில் அதைப் பார்த்திருப்பார்கள்.

இங்கே, நோர்வேயில், இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. ஒஸ்லோவின் பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகத்தில் ரோல் அமுண்ட்சனின் நெட்சிலிக் சேகரிப்பு இருக்கிறது. 1903 முதல் 1906 வரை 'யோவா' கப்பலில் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் போனபோது, கனடாவின் ஆர்க்டிக் கரையில் பனிக்காலங்களைக் கழித்த அவர், அங்குள்ள நெட்சிலிக் மக்களிடம் பண்டமாற்றாக வாங்கியவை அவை. இங்கே துப்பாக்கி இல்லை, எரிப்பு இல்லை. என்றாலும், அந்தக் கரையில் அவர் கப்பலின் பெயரையே தாங்கிய யோவா ஹேவன் ஊரில் பண்பாட்டு மையம் எழுந்தபோது, 2013இல் ஒஸ்லோ 16 பொருள்களை அங்கே திருப்பி அனுப்பியது. பண்டமாற்றில் வாங்கியதைத் திருப்ப வேண்டும் என்று சட்டமில்லை. கேட்டார்கள், கொடுத்தார்கள்.

சாமி இன மக்களின் கதை இன்னும் அருகில் உள்ளது. நோர்வே நாட்டுப்புற அருங்காட்சியகமும் பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகமும் சாமி நாடாளுமன்றத்தோடு 2012இல் ஓர் உடன்பாடு செய்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் பொருள்கள் ஆறு சாமி அருங்காட்சியகங்களுக்குத் திரும்பும் என்பது அதன் சாரம். சாமிப் பொருள்களில் பெரும்பகுதி போரில் அடித்துப் பிடித்தவை அல்ல. வாங்கியவை, கேட்டுப் பெற்றவை, பாதிரிமார் எடுத்து வந்தவை என்று பலவகை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை. எது எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று பழைய குறிப்பேட்டைப் புரட்டித்தான் முடிவு செய்தார்கள். சில குறிப்புகளில் 'சாமி' என்று மட்டும் இருக்கும். எந்தக் கரை, எந்த மலை என்று இருக்காது.

லில்லெஸ்ட்ரோமும் தன் பொருள்களைச் சேர்த்து வைத்த ஊர்தான். 1854இல் தொடங்கிய நோர்வேயின் முதல் ரயில் பாதையில் வந்த ஊர். மரம் அறுக்கும் ஆலைகளால் வளர்ந்த ஊர். பக்கத்தில் ஃபேட்சுண்ட் கரையில் குளொம்மா ஆற்றில் மிதந்துவரும் மரங்களைப் பிரித்தெடுத்த இடம் 1985 வரை இயங்கியது. இப்போது அது அருங்காட்சியகம். அந்த வேலையைச் செய்தவர்களின் கைக்கருவியும் படகும் அவர்கள் வேலை செய்த இடத்திலேயே இருக்கின்றன. லிண்டனின் ஸ்டுட்கார்ட்டில் எந்தப் பொருளுக்கும் இந்த வாய்ப்புக் கிடையாது.

நோர்வேத் தமிழர் வரலாறு 1956இல் இங்கே வந்த குருநகர் அன்ரனி இராஜேந்திரத்திலிருந்து சொல்லப்படுவது வழக்கம். அவர் முயற்சியில் பிறகு யாழ்ப்பாணத்தில் 'சீநோர்' என்ற நிறுவனம் தொடங்கியதும், 80களில் மக்கள் கல்லூரிகள் வழியாக இளைஞர்கள் வந்ததும், வடக்கே ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலை செய்ததும், பிறகு ஒஸ்லோ வட்டாரத்துக்கு இறங்கியதும் இந்த அரங்கில் பலருக்குச் சொந்த அனுபவம். அந்த அனுபவத்தின் பொருள்கள் அலமாரிகளிலும் நிலவறைக் கிடங்குகளிலும் இருக்கின்றன: கடிதம், கடவுச்சீட்டு, ஒலிநாடா, மீன் ஆலைச் சீருடை, கோயில் கட்டிய ரசீதுப் புத்தகம். இவற்றைச் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு புலம்பெயர் ஊர்களில் எல்லாம் எழுகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் அச்சுத் தாள்களை மின்வடிவில் காத்துவருகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஒரு சமூகத்துக்குப் படி எடுத்து வைப்பதன் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொருள் வேறு. அதைப் படி எடுக்க முடியாது. சங்கத் தலைவர் பெயரிலும் நன்கொடையாளர் பெயரிலும் பலகை வைப்பது நம்மவர்க்குக் கைவந்த கலை. லிண்டன் பார்த்தால் மகிழ்ந்துபோவார். ஒரு மீன் ஆலைச் சீருடை வந்து சேர்ந்தால், அதைக் கொண்டுவந்து கொடுத்த மகனின் பெயரோடு, அதை அணிந்த தாயின் பெயர், எந்த ஊர் ஆலை, எந்த ஆண்டுகள், எந்தப் பிரிவில் வேலை, கொடுக்கும்போது அவர் என்ன நிபந்தனை சொன்னார், திருப்பிக் கேட்டால் கொடுப்போமா என்பவற்றையும் அன்றே எழுதிக்கொள்ள வேண்டும். ஸ்டுட்கார்ட்டில் நூறு ஆண்டு கழித்துச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துத் தேடுவது இந்த விவரங்களைத்தான்.

எழுதியாயிற்று என்றாலும் வைக்க அறை வேண்டும். அறைக்குச் சரியான ஈரப்பதமும் வெப்பமும் வேண்டும். அதைக் கவனிக்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும். 2012 உடன்பாட்டில் சாமி அருங்காட்சியகங்களுக்கு உரிமையான பொருள்கள் பல, ஒஸ்லோவை விட்டுக் கிளம்பப் பல ஆண்டு பிடித்ததற்கு முக்கியமான காரணம் அதுதான். வடக்கே அவற்றைப் பாதுகாக்கும் வசதியுள்ள கிடங்கு எல்லா ஊரிலும் தயாராக இல்லை. கட்டுவதற்கான அரசுப் பணம் வரக் காத்திருந்தார்கள்.